மீனுக்கு ஒரு பேரேடு

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் முப்பத்தோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆறு நாள் பேரேடு, ஏழாம் நாள் தூண்டில். ஞாயிறு விடியுமுன் தோப்பும்படிப் பழைய பாலத்தில் இடம் பிடித்துவிடுவேன். உயிருள்ள சின்ன இறாலைக் கொக்கியில் மாட்டி, நீர் ஏறும் நேரம் பார்த்துக் காத்திருந்தால் ஒரு செம்பல்லி வரும். யோகம் இருந்தால் கொடுவா. இங்கே அதைக் காளாஞ்சி என்பார்கள்.

பாலத்தில் போகிற ஸ்கூட்டர் ஒவ்வொன்றும் வேகம் குறைத்து ஒரே கேள்வியைக் கேட்கும்: “எத்ற கிட்டி?” இதற்கு உண்மை சொன்ன தூண்டில்காரனை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. நிறையக் கிடைத்தால் இடம் தெரிந்துவிடுமே என்று குறைத்துச் சொல்வோம். ஒன்றும் கிடைக்காத அன்றைக்குக் கூட்டிச் சொல்வோம். இத்தனை வருஷத்தில் என் பையைத் திறந்து எண்ணிப் பார்த்த அதிகாரி ஒருவர்கூட இல்லை.

பாலத்துக்குக் கீழே, மீன்பிடித் துறைமுகத்தில், கதை வேறு. கேரளத்தில் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1980-இல் வந்தது. சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மழைக்காலத்தில் மீன் முட்டையிடும்போது விசைப்படகுகள் அடிமடி வாரக் கூடாது என்று நாட்டுப் படகுக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். 1984-இல் கோழிக்கோட்டில் கன்னியாஸ்திரீயான சிஸ்டர் ஆலிஸ் உண்ணாவிரதம் இருந்தது இந்தக் கோரிக்கைக்காகத்தான். கமிட்டிக்கு மேல் கமிட்டி போட்டு, 1988-இல்தான் மழைக்கால டிராலிங் தடை வந்தது. இன்று அது 52 நாள்: ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை. அந்த நாட்களில் தோப்பும்படியில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். பெயின்ட் வாசனை துறைமுகம் முழுக்க இருக்கும், மீன் வாசனை இருக்காது.

அடுத்து வந்தது அளவுகோல். எறணாகுளத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், ஒவ்வொரு மீனும் ஒரு தடவையாவது முட்டையிடுவதற்கு எவ்வளவு வளர வேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுத்தது. அதை வைத்து 2015-இல் கேரள அரசு 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்தது. பிறகு பட்டியல் 58 ஆனது. மத்தி என்றால் 10 சென்டிமீட்டர், அயிலை என்றால் 14. அதற்குக் குறைந்ததைக் கரைக்குக் கொண்டுவந்தால் அபராதம். இந்தியாவில் இதை முதலில் செய்தது கேரளம்தான். படகு உரிமையாளர்கள் சும்மா இருப்பார்களா? நாங்கள் மட்டும் அளந்தால் போதுமா, பக்கத்து மாநிலத்து மீன்தூள் ஆலைக்குப் போகிற பொடிமீனை யார் அளக்கிறார்கள் என்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

மத்தியின் கணக்கைப் பார்த்தால் ஏன் இத்தனை கெடுபிடி என்று புரியும். 2012-இல் கேரளக் கரைகளில் இறங்கிய மத்தி ஏறக்குறைய 3.9 லட்சம் டன். 2021-இல் 3,297 டன். நான் பூஜ்யம் விட்டு எழுதவில்லை, அவ்வளவுதான். கடல் சூடானதும் ஒரு காரணம், குஞ்சைப் பிடித்ததும் ஒரு காரணம். அந்த வருஷங்களில் என் மனைவி மீன்காரியிடம் மத்தி விலை கேட்டுவிட்டு முட்டை வாங்கிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு.

இதெல்லாம் பிழைப்புக்குப் பிடிப்பவர்களின் கதை. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவனுக்கும் அவனைக் கூட்டிப் போகிற வாடகைப் படகுக்கும் அளவு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் என்று ஒரு மீன், நம் செம்பல்லிக்குப் பங்காளி. ஆளுக்கு நாளொன்றுக்கு 2 மீன்தான். 16 அங்குலத்துக்குக் குறைந்தால் தண்ணீரிலேயே விட வேண்டும். படகின் கேப்டன் தன் பங்குக்கு ஒன்றுகூட எடுக்க முடியாது. ஆனாலும் மீன் ஒதுக்கீடு வருஷா வருஷம் சீக்கிரமே தீர்ந்தது. காரணம், வாடகைப் படகுகளின் பர்மிட்டுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, சொந்தப் படகில் போகிறவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே பானையில் கை விட்டார்கள். கேப்டன்களில் ஒரு சாரார் போய், எங்கள் பங்கைத் தனியாகப் பிரியுங்கள், கணக்கு நாங்கள் தருகிறோம் என்று வாதாடினார்கள். 2015-இல் பிரித்தார்கள். 2017-இல் மத்திய அரசின் கடல் எல்லைக்குள் வாடகைப் படகுகளுக்குக் கிடைத்தது 49 நாள். சொந்தப் படகுக்காரர்களுக்கு முதலில் அறிவித்ததோ 3 நாள்! கூச்சல் எழுந்து, அப்புறம் 39 நாள் கூட்டிக் கொடுத்தார்கள்.

கணக்குப்பிள்ளையான எனக்கு இது தேனாக இனித்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2020-இல் வாடகைப் படகுகள் மின்னணுப் பதிவேடு எழுத வேண்டும், படகு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஜி.பி.எஸ். கருவியும் மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேறு சில கேப்டன்கள் வழக்குப் போட்டார்கள். 1,300-க்கும் மேற்பட்ட படகு உரிமையாளர்களின் சார்பில் நடந்த அந்த வழக்கில், 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவையே ரத்து செய்தது.

தூண்டில்காரன் எழுதுகிற கணக்கால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு நான் காவிரியைக் காட்டுவேன். கர்நாடகத்தில் பீமேஸ்வரி, கலிபோரே தூண்டில் முகாம்களில் மகசீர் மீன் பிடிக்க ஒரு காலத்தில் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். பிடித்து, எடை பார்த்து, எழுதிவிட்டு, ஆற்றிலேயே விட வேண்டியிருந்தது. 1998 முதல் 2012 வரை கலிபோரே நோட்டுகளில் ஏறியது 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மீன். பிறகு ஆராய்ச்சியாளர்கள் அந்த நோட்டுகளைப் புரட்டினார்கள். மீன் எண்ணிக்கை ஏறியிருந்தது. சராசரி எடை இறங்கியிருந்தது. வளம் பெருகட்டும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மகசீர் பெருகிவிட்டது, காவிரிக்கே சொந்தமான திமில் மகசீர் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அன்றைக்குச் சரியான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. 2018-இல்தான் அது டோர் ரெமாதேவி என்று நிறுவினார்கள். மறையூர்ப் பக்கம் ஓடி நம் அமராவதியில் சேர்கிற பாம்பாற்றிலிருந்து, கொச்சிப் பல்கலைக்கழகத்து மதுசூதனக் குறுப்பும் ராதாகிருஷ்ணனும் முன்பே விவரித்திருந்த மீன் அது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறியது. காவிரி சரணாலயத்தில் தூண்டில் நிறுத்தப்பட்டபோது முகாம்களின் நோட்டும் மூடியது. தூண்டிலை நிறுத்தியது சரியா தப்பா என்று நான் பேசப் போவதில்லை. நோட்டு மூடியதுதான் எனக்கு வருத்தம்.

நான் நோட்டுப் பைத்தியம் பிடித்தவன் ஆனதற்கு இன்னொரு காரணம் உண்டு. தோப்பும்படியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களில் பெரும்பகுதி நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள். துறைமுகத்து டீக்கடையில் மலையாளத்தைவிட அவர்கள் தமிழ்தான் அதிகம் கேட்கும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை படகு வெளியே இருக்கிறது, எத்தனை ஆள் என்று சரியாகச் சொல்ல யாரிடமும் ஏடு இல்லை. அரசு ஒரு எண் சொல்லும், ஊர்ப் பங்குத்தந்தை ஒரு எண் சொல்வார். பெண்கள் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வார்ஃபில் நின்றார்கள்.

போன வருஷம் ஒரு ஞாயிறு, நாங்கள் ஐந்து பேர் பணம் போட்டு ஒரு படகு பிடித்து அழிமுகத்துக்குப் போனோம். படகுக்கார இக்கா மற்ற நாட்களில் டால்பின் காட்ட சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிறவர். ஏறுமுன்பே எங்கள் ஐந்து பேர் பெயரையும் போன் நம்பரையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜெட்டி டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஒக்கிக்குப் பிறகு வந்த பழக்கம் என்றார்.

அன்றைக்குப் புலிமுட்டு என்கிற அலைத்தடுப்புப் பாறை ஓரம் வற்றை மீன் கூட்டமாக நின்றது. ஒரு மணி நேரத்தில் 23. அதில் பாதி மீன்கள் உள்ளங்கை நீளம்தான். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

“எழுதண்டா, அண்ணாச்சி,” என்றார் இக்கா. “ஆள் பேர் கரையில இருக்கணும். மீன் கணக்கு கடல்லயே இருக்கட்டும். இன்னிக்கு நீங்க எழுதுவீங்க, நாளைக்கு ஒருத்தன் வந்து ஆளுக்கு ரெண்டுதான்னு சொல்லுவான். ரெண்டு மீனுக்கு எவன் என் படகுக்குக் காசு கொடுப்பான்?”

ரெட் ஸ்னாப்பர் கதையை முழுக்கச் சொன்னேன். கணக்கு வைத்திருந்தவன் 49 நாள் வாங்கினான், இல்லாதவன் 3 நாளில் நின்றான் என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார்.

“அப்புறம் ஜி.பி.எஸ். மாட்டச் சொன்னாங்கன்னு சொன்னீங்களே. படகுக்காரங்க என்ன பண்ணாங்க?”

“கோர்ட்டுக்குப் போனாங்க.”

“யாரு ஜெயிச்சது?”

சொன்னேன். இக்கா ஜெட்டி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். சின்ன மீன்களில் ஒன்பதை நான் திருப்பி விட்டிருந்தேன். அதையும் சேர்த்து, அவர் பார்க்காதபோது, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கரையேறியதும் டீக்கடைக்காரர் பெயர் நோட்டை நீட்டியபடி கேட்டார்: “எத்ற கிட்டி?”

இக்கா என்னைப் பார்த்தார்.

“ஆறு,” என்றேன்.