கோல்டன் மைல்: காத்ததும் கைவிட்டதும்

ஈசூன் வீவக புளோக்குகளின் நெட்டுக்குத்தான முகத்துக்குப் பழகிய கண், பீச் ரோட்டில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸைக் கண்டதும் சற்றுத் திகைக்கும். ஒருபுறம் மாடிகள் படிப்படியாகப் பின்வாங்கி ஏறும். சாலைப்புறம் அதே மாடிகள் தலைக்கு மேல் கவிந்து நிற்கும். மொத்தம் 16 தளங்கள். கீழே கடைகள், அலுவலகங்கள், மேலே வீடுகள்.

வில்லியம் லிம், டே கெங் சூன், கான் எங் ஊன் மூவரும் வடிவமைத்தார்கள். 1973இல் கட்டி முடித்தபோது அந்தப் படிக்கட்டு மாடிகள் கடலைப் பார்த்தன. ஒரே கூரைக்குள் ஒரு தெருவின் வாழ்க்கை முழுவதையும் அடக்கிவிடலாம் என்பது அவர்கள் கனவு. தெருவும் வந்தது, ஆனால் தாய்லாந்துத் தெருவாக: ஹாட்யாய் பஸ், தாய்ச் சாப்பாட்டுக் கடை, மளிகை, டிஸ்கோ.

2006இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இதைச் செங்குத்தான சேரி என்று சாடினார். பால்கனிகளில் ஆளுக்கொரு தகரமும் கண்ணாடியும் அடைத்திருந்தது அவர் கண்ணை உறுத்தியது. சிங்கப்பூர் மழைக்குத் திறந்த பால்கனி வைத்திருப்பவர் வேறென்ன செய்வார்?

சிக்கல் கான்கிரீட்டில் இல்லை, பட்டாவில் இருந்தது. ஈசூனில் சுவர் மங்கினால் நகரமன்றம் சாயம் அடித்துவிடும். லண்டன் பார்பிக்கனில் வீடுகளையும் கலை மையத்தையும் கட்டியது ஒரே மாநகராட்சி. இங்கோ நூற்றுக்கணக்கான தனி உரிமையாளர்கள். 99 ஆண்டுக் குத்தகையும் கரைந்துகொண்டே வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கூட்டு விற்பனைப் பேச்சு எழாமல் இருக்குமா?

1976இல் எழுந்த பேர்ல் பேங்க் அடுக்குமாடிக் குடியிருப்பு அந்த வழியில்தான் இடிபட்டது. கோல்டன் மைல் தப்பியது. 2021 அக்டோபரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்து, வாங்குவோருக்குக் கூடுதல் தளப்பரப்பும் தந்தது. மறு ஆண்டு 70 கோடி வெள்ளிக்கு விற்பனை முடிந்தது. பக்கத்திலேயே 45 மாடிக் கோபுரம் எழுப்பவும் திட்டம் தயாரானது.

2023இல் குடியிருந்தோரும் கடைக்காரர்களும் வெளியேறினார்கள். பக்கத்துக் கோல்டன் மைல் டவரின் பழைய தியேட்டரில் 2014 முதல் மாற்றுத் திரைப்படங்களைக் காட்டிவந்த ‘தி புரொஜெக்டர்’ 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது.

புது வளாகத்தில் கட்டடக்கலை மையம் ஒன்றுக்கு இடமுண்டு. நல்லதுதான். குறைந்த வாடகையில் நாலு சாப்பாட்டுக் கடைக்கும் ஒரு சின்னத் திரையரங்குக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்று சேர்த்து நிபந்தனை போட்டிருக்கலாம். அவ்வளவு தளப்பரப்பைத் தூக்கிக் கொடுத்தவர்களுக்கு அது பெரிய காரியமல்ல.