பொம்மை எஞ்சினுக்கு அழுக்குப் பூசலாமா?



புதிதாக வாங்கிய பொருளை யாராவது வேண்டுமென்றே அழுக்காக்குவார்களா? புதுச் சட்டையில் ஒரு மைத்துளி பட்டாலே நாம் எவ்வளவு வருந்துகிறோம்! ஆனால் நல்ல விலை கொடுத்து வாங்கிய மாதிரி ரயில் எஞ்சினை மேசைமேல் வைத்து, அதன்மீது கரியையும் துருவையும் சுண்ணாம்புக் கறையையும் பொறுமையாகப் பூசி மகிழ்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சிறுபிள்ளைகள் அல்லர். வயது வந்த பெரியவர்கள்!

இந்தக் கலையைப் பலரும் அறியச் செய்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாண்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன். புகைப்படக் கலைஞரான அவர் தம் வீட்டிலேயே மலைகளும் பாலங்களும் ஊர்களும் கொண்ட ஒரு மாதிரி ரயில்பாதையை அமைத்தார். அவருடைய எஞ்சின்கள் புத்தம் புதியனவாக மின்னவில்லை. பல ஆண்டுகள் உழைத்த எஞ்சின்களைப் போலக் காட்சியளித்தன. 1973ஆம் ஆண்டு சனவரியில் அவர் காலமானார். அடுத்த சில நாட்களிலேயே அந்த ரயில்பாதையைத் தீ அழித்துவிட்டது. அவர் எடுத்த படங்கள் இன்றும் எஞ்சியுள்ளன.

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பது என் தொழில். மாதிரி ரயில் என் பொழுதுபோக்கு. எஞ்சினுக்குச் சரியாக அழுக்குப் பூசவேண்டுமானால் தூரிகை பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, காரணகாரியம் அறிந்திருக்கவேண்டும் என்பதை நான் ஒரு தவறு செய்த பிறகே உணர்ந்தேன். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பொதி சுமக்கும் எஞ்சின்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது எனக்கு ஒரு மாதிரி எஞ்சினைக் கொண்டுவந்து கொடுத்தார். அது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகை எஞ்சின். கழுதையின் இருபுறமும் பொதி தொங்குவதுபோல், கொதிகலனின் இருபுறமும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் தொங்கும். அதனால் இவ்வகைக்குப் ‘பேனியர் டேங்க்’ என்று பெயர். 1929 முதல் 1950 வரை இவ்வகையில் 863 எஞ்சின்கள் கட்டப்பட்டன.

உண்மை எஞ்சினின் நீளம் சுமார் 9.5 மீட்டர். மாதிரியின் அளவு விகிதம் 1:76. ஆகவே என் கைக்கு வந்த எஞ்சினின் நீளம் 12.5 சென்டிமீட்டர்தான். உண்மை எஞ்சினின் எடை ஏறக்குறைய 48 டன். அப்படியானால் மாதிரியின் எடை என்னவாக இருக்கவேண்டும்? 48 டன்னை 76ஆல் வகுத்துவிடாதீர்கள்! நீளம், அகலம், உயரம் மூன்றுமே 76 மடங்கு சுருங்குகின்றன. எனவே 76ஐ மூன்று முறை பெருக்கி, வரும் எண்ணால் வகுக்கவேண்டும். விடை சுமார் 110 கிராம்! இவ்வளவு இலேசான எஞ்சினின் சக்கரங்களுக்குத் தண்டவாளத்தில் போதிய பிடிப்புக் கிடைக்காது. பெட்டிகளை இழுக்கும்போது வழுக்கும். அதனால் மாதிரி எஞ்சினுக்குள் கனமான உலோகக் கட்டிகளை வைத்து எடையைக் கூட்டுகிறார்கள்.

கடையில் விற்கும் மாதிரிகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஆயிரம் பேர் வாங்கினால் ஆயிரம் எஞ்சின்களும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் பொழுதுபோக்காளர்கள் முதலில் எண் பலகையை மாற்றுவார்கள். பிறகு நிலக்கரித் தொட்டியில் உண்மையான நிலக்கரித் தூளை நிரப்புவார்கள், ஓட்டுநரையும் ஃபயர்மேனையும் நிற்க வைப்பார்கள், விளக்கு மாட்டுவார்கள். சிலர் நிறத்தையே மாற்றிவிடுவார்கள். 1956க்கும் 1963க்கும் இடையில் இவ்வகை எஞ்சின்கள் 13ஐ லண்டன் போக்குவரத்து நிறுவனம் வாங்கி, செங்கபில நிறம் பூசி, பராமரிப்பு வேலைகளுக்கான ரயில்களை இழுக்கப் பயன்படுத்தியது. ஆகவே பச்சை மாதிரியைச் செங்கபிலமாக்கி எண்ணையும் மாற்றினால் அதே எஞ்சினுக்கு வேறொரு வாழ்க்கை வரலாறு கிடைத்துவிடுகிறது!

அப்பாவின் ஒரே கேள்வி

எண்ணை மாற்றிய பிறகு நான் அழுக்குப் பூச உட்கார்ந்தேன். ‘பழைய எஞ்சின் என்றால் துருப்பிடித்திருக்கும்’ என்பது என் எண்ணம். எனவே காவி நிறத்தைக் குழைத்துக் கொதிகலன், தொட்டி, சக்கரங்களை இணைக்கும் தண்டு, ஊதல் என்று ஓரிடம் விடாமல் பூசினேன். மூன்று இரவுகள் ஆயின. பெருமையுடன் அப்பாவிடம் காட்டினேன்.

என் அப்பா விழுப்புரம் லோக்கோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்களில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். மண்ணெண்ணெயும் பஞ்சு வேஸ்டும் கொண்டு எஞ்சினைத் துடைப்பதுதான் அவருடைய முதல் வேலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இந்த எஞ்சின் ஓடி எத்தனை வருஷமாச்சு?” என்றார்.

“இது ஓடுற எஞ்சின்தாம்ப்பா” என்றேன்.

“ஓடுற எஞ்சின்ல ராடு துருப்பிடிக்குமா? தினம் எண்ணெய் விடுவோமே! விசில் பித்தளையாச்சே, அது எப்படித் துருப்பிடிச்சுது?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும்; எண்ணெய்ப் படலம் இரண்டையும் தடுக்கிறது; பித்தளையில் செம்பும் துத்தநாகமும்தான் உள்ளன, இரும்பு இல்லை; எனவே காவித்துரு வராது. இவையெல்லாம் நான் வகுப்பிலேயே சொல்லும் விஷயங்கள்! ஆனால் தூரிகையைக் கையில் எடுத்தவுடன் அவற்றை மறந்துவிட்டேன். நான் செய்தது உழைக்கும் எஞ்சின் அன்று, ஓரங்கட்டப்பட்ட எஞ்சின்.

“அப்பா, உங்க எஞ்சின் வேற, இது இங்கிலீஷ்காரன் எஞ்சின்” என்று சமாளித்துப் பார்த்தேன்.

“எந்த ஊர் எஞ்சினா இருந்தா என்ன? தண்ணி கீழேதானே வழியும்!” என்றார்.

ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம்

அன்று மாலை அப்பா சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அதன் சாரத்தைக் கேளுங்கள்.

புகைக்கரி மேலிருந்து விழுகிறது. ஆகவே கொதிகலனின் முதுகிலும், தொட்டிகளின் மேற்பரப்பிலும், ஓட்டுநர் அறையின் கூரையிலும் அது அதிகமாகப் படியும். செங்குத்தான பக்கங்களில் அவ்வளவாக நிற்காது.

எஞ்சினின் முன்பகுதியிலுள்ள புகைப்பெட்டிக்குக் கொதிகலனைப் போல வெப்பம் கடத்தாத போர்வை கிடையாது. சூட்டில் அங்கேதான் வண்ணப்பூச்சு முதலில் கெடும். சாம்பல் நிறமும் சிறிது துருவும் அங்கே பொருத்தம்.

வெள்ளைக் கறை எங்கே வரும்? இங்கே சற்று யோசியுங்கள். நீராவி தூய நீரின் ஆவி. அதில் உப்புகள் இல்லை. எனவே வெறும் நீராவி வெளியேறினால் வெள்ளைக் கறை உண்டாகாது. கொதிகலனின் நீரே கசிந்து வழிந்தால்தான் நீர் உலர்ந்து சுண்ணாம்பு மிஞ்சும். உங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் படியும் அதே கால்சியம் கார்பனேட்தான் இது. ஆகவே கொதிகலனைக் கழுவும் துளைகளின் மூடிகளுக்குக் கீழே வெள்ளைக் கோடுகள் இருக்கவேண்டும். ஊதலுக்கு அருகே வெள்ளைக் கறை இருந்தால், கொதிகலனின் நீர் நீராவியோடு சேர்ந்து மேலேறி வந்திருக்கிறது என்று பொருள்!

சக்கரங்களின் அருகே காணப்படும் பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? பிரேக் போடும்போது வார்ப்பிரும்புக் கட்டைகள் சக்கரத்தோடு உராய்ந்து தேய்கின்றன. அந்த இரும்புத்தூள் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கிறது. அதோடு எண்ணெயும் தூசியும் சேரும்போது கருமை கலந்த பழுப்பு நிறம் கிடைக்கிறது. ஆனால் சக்கரம் தண்டவாளத்தில் உருளும் விளிம்பு மட்டும் எப்போதும் வெள்ளிபோல் மின்னும். கைகள் பற்றும் கம்பியும் அப்படியே.

சிறிதாகாத பொருள்கள்

இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்த சிக்கல் அளவு. எஞ்சினை 76 மடங்கு சுருக்கலாம்; மணலைச் சுருக்க முடியுமா? அரை மில்லிமீட்டர் மணல் ஒன்றை மாதிரியின்மீது வைத்தால், அது 38 மில்லிமீட்டர் ஜல்லிக்கல்லுக்குச் சமம்! ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள தூரிகைக் கோடு ஏழரை சென்டிமீட்டர் பட்டையாகிவிடும். எனவே தூசி வேண்டுமானால் முகத்துக்குப் போடும் பவுடரைப் போல நுண்ணிய பொடியே வேண்டும்.

நிறத்திலும் ஒரு விந்தை உண்டு. மாதிரியை நாம் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறோம். இது உண்மை எஞ்சினைச் சுமார் 23 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். அவ்வளவு தொலைவில் தூசி படிந்த எஞ்சின் கன்னங்கரேலென்று தெரியாது. சற்று வெளிறியே தெரியும். ஆகவே கருமையோடு சிறிது வெள்ளையோ சாம்பலோ கலந்து பூசுவார்கள். பளபளப்பும் கூடாது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் நிகழ்வது ஒழுங்கான எதிரொளிப்பு. தூசிப் பரப்பில் நிகழ்வது ஒழுங்கற்ற எதிரொளிப்பு. ஒரு பொருளைப் ‘பொம்மை’ என்று நம் கண் உடனே கண்டுகொள்வதற்கு அந்தப் பளபளப்பே முக்கிய காரணம்.

தண்ணீர்த்துளியும் சிறிதாகாது. நான்கு மில்லிமீட்டர் துளி மாதிரியின் உலகில் 30 சென்டிமீட்டர் உருண்டை! நீர்த்த வண்ணத்தைப் பிளாஸ்டிக்கின்மீது விட்டால் பரப்பு இழுவிசையால் துளித்துளியாக நின்றுவிடும். வழி எளியது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஒரு சொட்டுச் சேர்த்தால் பரப்பு இழுவிசை குறையும். வண்ணம் மூலைமுடுக்குகளிலெல்லாம் ஓடிப் புகும். பிறகு மெல்லிய துணியால் மேலிருந்து கீழாக, மழைநீர் வழியும் திசையிலேயே துடைக்கவேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இத்தகைய மாதிரி எஞ்சினின் மோட்டார் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகிறது. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. சக்கரங்களின் வழியாகவே மின்சாரம் மோட்டாரை அடைகிறது. சக்கர விளிம்பில் வண்ணம் பட்டால் மின்சுற்று அறுந்துவிடும், எஞ்சின் நின்றுவிடும். உண்மை எஞ்சினிலும் அந்த விளிம்பு மின்னவேண்டும், மாதிரியிலும் மின்னவேண்டும்! மேலும், உண்மையான துருவைச் சுரண்டி ஒருபோதும் பூசாதீர்கள். அதிலுள்ள இரும்புத்துகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நீங்களும் செய்து பாருங்கள்

இதற்கு விலையுயர்ந்த மாதிரி எஞ்சின் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் ஒரு பழைய பிளாஸ்டிக் பேருந்தோ லாரியோ போதும். கரித்துண்டு, செங்கல், வெள்ளைச் சாக்கட்டி ஆகியவற்றை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்குங்கள். பொடி மூக்கில் ஏறாதபடி துணி கட்டிக்கொள்ளுங்கள். போஸ்டர் கலரும் சோப்பு நீரும் சேர்த்து நீர்த்த வண்ணம் தயாரியுங்கள்.

ஆனால் தூரிகையைத் தொடுமுன் பேருந்து நிலையத்துக்குப் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். சேறு எந்தச் சக்கரத்துக்குப் பின்னால் தெறித்திருக்கிறது? சன்னலுக்குக் கீழே கோடு ஏன்? கைப்பிடி மட்டும் ஏன் மின்னுகிறது? படம் வரைந்து, ஒவ்வொரு கறைக்கும் பக்கத்தில் அதன் காரணத்தை எழுதுங்கள். காரணம் தெரியாத கறையைப் பூசாதீர்கள்! மேட்டுப்பாளையம் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், குன்னூருக்கு ஏறும் மலைரயிலின் நீராவி எஞ்சினையும் இதே கண்ணோடு பாருங்கள்.

என் எஞ்சின் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பூசிய காவியையெல்லாம் கழுவிவிட்டு, நோட்டைப் பார்த்து மறுபடி பூசினேன். இம்முறை அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலை வேட்டி நுனியில் சுற்றி, ஓட்டுநர் அறையின் பக்கத்திலிருந்த எண் பலகையை மட்டும் துடைத்தார்.

“வேலை அதிகமா இருக்கிற நாள்ல முழு எஞ்சினையும் துடைக்க ஆள் இருக்காது. ஆனா நம்பரை மட்டும் துடைச்சுடுவோம். நம்பர் தெரியலேன்னா எந்த எஞ்சின்னு எப்படித் தெரியும்?” என்றார்.

இந்தச் செய்தி எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. எஞ்சினைத் துடைத்த கைகளுக்கு மட்டுமே அது தெரியும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆலையிலும் பட்டறையிலும் ரயிலிலும் உழைத்த பெரியவர்கள் இருப்பார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய்க் கேளுங்கள்!