வானலைக்கு வலுவூட்டும் பொறி

மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து செய்தியைச் செவிமடுக்கும் நேயர், செய்தி வாசிப்பவரின் பெயரை அறிவார். இசைத்தட்டுக்களைத் தெரிந்தெடுத்து வழங்குபவரின் பெயரையும் அறிவார். ஆயினும், அக்குரலுக்கும் தம் செவிக்கும் இடையே, எங்கோ ஒரு குன்றின் உச்சியில், ஆளரவமற்ற ஓர் அறையில் இரவு பகலாக உழைக்கும் பொறி ஒன்று உண்டு என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பொறி ஒரு கணம் நின்றுவிடின், நாட்டின் ஒரு பகுதி முழுவதிலும் வானொலிப் பெட்டிகள் இரைச்சலை மட்டுமே எழுப்பும். அதுவே வலு விரியலாக்கி எனப்படுவது. பண்பலை ஒலிபரப்பில் அது எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனை நிறுவுவோரும் இயக்குவோரும் எத்தகைய கவனத்தைக் கைக்கொள்கின்றனர் என்பவற்றை அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து.

பண்பலை என்றால் என்ன? நாதசுவர வித்துவான் ஒருவர் ஒரே சுரத்தை நீள ஊதிக்கொண்டு, ஓசையை மட்டும் கூட்டியும் குறைத்தும் செய்தி ஒன்றை உணர்த்துவதாகக் கொள்வோமாயின், அது பழைய மத்திய அலை ஒலிபரப்பின் முறையாகும். அவரே ஓசையை ஒரே அளவில் நிறுத்திவைத்து, விரல்களை அசைத்துச் சுரத்தை மட்டும் ஏற்றியும் இறக்கியும் அதே செய்தியை உணர்த்துவாராயின், அது பண்பலையின் முறை. பண்பலையில் அலையின் வீச்சம் மாறுவதில்லை. அதன் மீடிறன் மட்டுமே பேசுபவரின் குரலுக்கேற்ப, நடு நிலையிலிருந்து இருபுறமும் 75 கிலோஹேர்ட்ஸ் வரை அசைகின்றது. மின்னலும் இயந்திரங்களும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் அலையின் வீச்சத்தையே தாக்குவதால், வீச்சத்தைப் பொருட்படுத்தாத பண்பலை வாங்கியில் அவ்விரைச்சல் அடங்கிவிடுகின்றது.

இம்முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் எட்வின் ஹவார்ட் ஆம்ஸ்ட்ரோங். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி அவர் இதற்கான காப்புரிமைகளைப் பெற்றார். பின்னர் நியூ ஜேர்சி மாநிலத்தின் அல்பைன் என்னுமிடத்தில், ஹட்சன் ஆற்றின் மேலுள்ள செங்குத்துப் பாறையில் உயர்ந்த கோபுரமொன்றை நிறுவித் தம் ஒலிபரப்பை நடத்திக் காட்டினார். இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945இல், அந்நாட்டு அரசு பண்பலைக்கு ஒதுக்கிய அலைவரிசையை மேலே நகர்த்தியது. அதனால் முன்னர் நிறுவிய நிலையங்களும் மக்கள் வாங்கிய வானொலிப் பெட்டிகளும் பயனற்றுப் போயின. காப்புரிமை வழக்குகளால் மனமும் பொருளும் நைந்த ஆம்ஸ்ட்ரோங், 1954இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் கண்ட முறையோ இன்று உலகெங்கும் ஒலிக்கின்றது.

நிலையத்திலிருந்து வரும் குரலைப் பண்பலையாக மாற்றுவது எக்ஸைற்றர் எனத் தொழிலறிந்தோர் வழங்கும் சிறு பொறி. அது தரும் வலு சில பத்து உவாற்று மட்டுமே. ஒரு மேசை விளக்கை எரிப்பதற்கு அது போதும், ஒரு மாகாணத்தை எட்டுவதற்குப் போதாது. அச்சிறு வலுவை ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் உவாற்று எனப் பெருக்கி அன்ரனாவுக்கு அனுப்புவதே வலு விரியலாக்கியின் பணி.

பெருக்குதல் என்றவுடன், சிறிய மின்சாரத்திலிருந்து பெரிய மின்சாரம் முளைப்பதாக எண்ணுதல் தவறு. குளத்து மதகின் பலகையை உயர்த்துவதற்கு ஒருவனுடைய கைவலு போதும். அதனால் பாயும் நீரின் வலுவோ மிகப் பெரிது. கை நீரைப் படைக்கவில்லை. குளத்தில் நின்ற நீரை ஒழுங்குபடுத்தியதே அதன் செயல். அவ்வாறே, எக்ஸைற்றரின் சிறு வலு மதகுப் பலகையாக அமைய, மின்வழங்கலின் பெரு வலு அதற்கு இயைந்து வெளிப்படுகின்றது.

பண்பலைக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. சிறுவன் ஊஞ்சலில் ஆடும்போது, அவனுடைய தமையன் ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டே உடன் ஓடுவதில்லை. ஒவ்வொரு முறையும் தக்க தருணத்தில் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஓய்ந்து நிற்கிறான்; ஊஞ்சல் தானாகவே முழு வட்டத்தையும் ஆடி முடிக்கின்றது. அலையின் வீச்சம் மாறாதிருப்பதால், பண்பலை விரியலாக்கியும் ஒவ்வோர் அதிர்விலும் சிறிது நேரமே மின்னோட்டத்தைச் செலுத்தி, எஞ்சிய நேரம் ஓய்ந்திருக்கலாம். இசைவுச் சுற்று ஊஞ்சலைப்போல் அலையை நிறைவு செய்கின்றது. ஆதலின், உட்கொள்ளும் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கையேனும் அலையாக வெளியிட முடிகின்றது. இருந்தும், பத்தாயிரம் உவாற்று வெளியிடும் பொறி ஏறத்தாழ 14,300 உவாற்றை உட்கொள்ளும். மிகுதியான 4,300 உவாற்று அச்சிறு அறையினுள் வெப்பமாக மாறும். ஓயாது எரியும் நான்கு மின்னடுப்புகளை ஓர் அலுமாரியினுள் பூட்டி வைத்தாற் போன்றது இது. விரியலாக்கியை நிறுவுவோரின் தொல்லைகளுட் பாதி இவ்வெப்பத்தாலேயே எழுவதாகும்.

இப்பொறிகள் இருவகைப்படும். பழைய வகையில் பீங்கானும் உலோகமும் சேர்ந்த பெரிய வெற்றிடக் குழாய் ஒன்று, பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தில் தொழிற்படும். புதிய வகையில் ஏறத்தாழ 50 வோல்ற்றில் இயங்கும் திரான்சிற்றர்கள் பல அணிகளாக அமைந்து, தத்தம் வலுவை ஒன்றுசேர்க்கும். குழாய் பழுதாயின் நிலையம் ஊமையாகும். திரான்சிற்றர் அணிகள் எட்டில் ஒன்று பழுதாயின், வலு ஏறத்தாழ முக்காற் பங்காகக் குறையுமேயன்றி ஒலிபரப்பு நிற்பதில்லை. நேயர் அதனை உணர்வதுமில்லை.

பொறியை எங்கே நிறுவுவது? 100 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுடைய அலையின் நீளம் மூன்று மீற்றர். இத்தகைய குறுகிய அலைகள் பூமியின் வளைவைத் தொடர்ந்து நெடுந்தூரம் செல்வதில்லை. பெரும்பாலும் பார்வை எட்டும் தூரத்தோடு நின்றுவிடும். சமதரையில் 100 மீற்றர் உயரத்திலுள்ள அன்ரனாவுக்கு அடிவானம் ஏறத்தாழ 41 கிலோமீற்றரில் அமைகின்றது. அதனை இரட்டிப்பாக்க 400 மீற்றர் உயரம் வேண்டும். ஆனால் உயரத்தை மாற்றாது வலுவை மட்டும் இரட்டிப்பாக்கினால், எல்லையிலுள்ள நேயர் சிறிதளவு தெளிவையே பெறுவார். ஆதலாற்றான் ஒலிபரப்பாளர் மலைகளை நாடுகின்றனர். இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. மலையற்ற வடபுலத்திலோ கோபுரமே மலையாக வேண்டும். கொக்காவிலில் 2011இல் திறந்துவைக்கப்பட்ட கோபுரம் ஏறத்தாழ 170 மீற்றர் உயரமுடையது.

இடம் அமைந்தபின் கவனிக்க வேண்டியது மின்வழங்கல். பெரிய விரியலாக்கிகளுக்கு மூன்று அவத்தை மின்சாரம் வேண்டும். மூன்று கம்பிகளையும் தொடுக்கும்போது இரண்டு இடம் மாறிவிட்டால் விளக்குகள் எரியும், மானிகள் அசையும், யாவும் ஒழுங்காகவே தோன்றும். ஆனால் குளிர்விக்கும் காற்றூதியின் சில்லு எதிர்ப்புறமாகச் சுழலும். அப்போதும் ஓசை எழும், சிறிதளவு காற்றும் வரும். போதிய காற்று வராது. சில நிமிடங்களில் விலைமதிப்புள்ள குழாய் வெந்து பிளக்கும். ஆகவே, உயர் அழுத்தத்தைக் கொடுப்பதற்கு முன், காற்றூதி சுழலும் திசையைக் கண்ணாற் கண்டு உறுதிசெய்தல் தேர்ந்தோர் வழக்கம். காற்றோட்டம் குறைந்தால் பொறியைத் தானாகவே நிறுத்தும் காவல் ஆளியும் இதற்காகவே அமைந்துள்ளது. அது அடிக்கடி பொறியை நிறுத்துகின்றதெனச் சினந்து அதனைக் கட்டிவைப்பவன், காவல் நாயைக் கொன்றுவிட்டு உறங்கச் செல்பவனுக்கு ஒப்பாவான்.

அடுத்தது புவித்தொடுப்பு. மிகை மீடிறன் மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே செல்வதில்லை. 100 மெகாஹேர்ட்ஸில் அது செம்பின் மேற்பரப்பில், ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கிலும் குறைந்த ஆழத்திலேயே ஓடுகின்றது. ஆதலின் தடித்த உருண்டைக் கம்பியைவிட அகன்ற செப்புப் பட்டியே ஏற்றது. கோபுரம், பொறி, மின்வழங்கல் ஆகிய மூன்றின் புவித்தொடுப்புகளும் ஓரிடத்தில் ஒன்றுசேர வேண்டும். அவை வெவ்வேறாக நின்றால், இடி விழும்போது மின்னல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்; தாவும் வழியில் விரியலாக்கி நிற்கும்.

பொறியையும் அன்ரனாவையும் இணைப்பது ஓரச்சுக் கம்பி. ஏறத்தாழ ஓரங்குலத் தடிப்புள்ள கம்பி, 100 மீற்றர் நீளத்தில், தன்னுட் புகும் வலுவின் நாலிலொரு பங்கை வெப்பமாக்கிவிடும். பெரிய நிலையங்களில் இன்னும் தடித்த குழாய்களை இடுவதற்கு இதுவே காரணம். அக்குழாய்களினுள் ஈரம் புகாதிருக்க உலர்ந்த காற்றையோ நைதரசன் வாயுவையோ சிறிது அழுத்தத்துடன் நிரப்பிவைப்பர். அழுத்தமானி இறங்குமாயின் எங்கோ ஒரு மூட்டுத் தளர்ந்துள்ளது என்பது பொருள். மாரிகாலத்தில் அதனை அசட்டை செய்தல் ஆகாது.

அன்ரனாவும் கம்பியும் ஒன்றோடொன்று பொருந்தாவிடின், கரைச்சுவரில் மோதிய கடலலை மீள்வதைப்போல, அனுப்பிய வலுவின் ஒரு பகுதி பொறிக்கே திரும்பும். நிலையலை விகிதம் என்னும் அளவினால் இப்பொருத்தத்தைக் கூறுவர். அவ்விகிதம் 1.5 ஆயின் நூற்றுக்கு நான்கு பங்கு மீளும்; 2 ஆயின் பதினொரு பங்கு மீளும்; 3 ஆயின் இருபத்தைந்து பங்கு மீளும். மீண்ட வலு பொறியைச் சுடும். திரான்சிற்றரைக் கணப்பொழுதில் அழிக்கவும் வல்லது. எனவே புதிய பொறியை முதன்முதலில் அன்ரனாவோடு இணைப்பதில்லை. 50 ஓம் தடையுடைய போலிச் சுமையோடு இணைத்து, அலை வானிற் செல்லாது வெப்பமாகத் தீரும்படி செய்து, பொறியின் குணங்குற்றங்களை ஆராய்ந்த பின்னரே அன்ரனாவுக்கு மாற்றுவர்.

இயக்கும் முறையும் வரிசை பிறழாதது. குழாய்ப் பொறியாயின் முதலில் காற்று. அடுத்து இழைக்குச் சூடு. இழை காய்ந்த பின் உயர் அழுத்தம். இறுதியில் எக்ஸைற்றரின் வலு. அதனையும் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துவர். இசைவுப் பிடியைத் திருப்பும்போது அனோட்டு மின்னோட்டம் இறங்கி மீண்டும் ஏறும்; அப்பள்ளத்தின் அருகே இசைவு அமைந்துள்ளது. மானி 8,000 வோல்ற்றையும் 1.8 அம்பியரையும் காட்டினால், உட்செல்லும் வலு 14,400 உவாற்று. நூற்றுக்கு எழுபது திறனாயின் வெளிவருவது 10,080 உவாற்று. வெளிச்செல்லும் வலுவைக் காட்டும் மானி இதனோடு உடன்படாவிடின், ஏதோ ஒன்று பொய் சொல்கின்றது. நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும். காற்று மட்டும் குழாய் ஆறும்வரை சில நிமிடங்கள் வீச வேண்டும்.

அயலாரையும் மறத்தலாகாது. பண்பலை வரிசை 108 மெகாஹேர்ட்ஸில் முடியும் இடத்திலேயே விமானங்களுக்கு வழிகாட்டும் வரிசை தொடங்குகின்றது. செம்மையாக இசைவு செய்யாத விரியலாக்கி, தனக்குரிய அலையோடு வேறு பொய்யலைகளையும் பிறப்பிக்கும். மழைமுகிலினூடே ஓடுபாதையைத் தேடி இறங்கும் விமானியின் செவியில் அது புகுமாயின் நேரக்கூடியதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதனாலேயே வடிகட்டி இல்லாத பொறியை அன்ரனாவோடு இணைத்தல் ஆகாது. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி ஓர் அலைவரிசையையும் பயன்படுத்த இயலாது.

யாவற்றிலும் பெரியது மனித உயிர். ஆளியை மூடியவுடன் ஆபத்தும் நீங்கிற்று என்பது கொடிய மயக்கம். கொள்ளளவிகள் பல ஆயிரம் வோல்ற்று ஏற்றத்தைத் தம்முள் வைத்துக்கொண்டு அமைதியாக நிற்கும்; தொடும் கை ஒன்றையே எதிர்பார்த்திருப்பவை போல. ஏற்றத்தை வடிக்கும் தடைகள் உள்ளே உண்டு. ஆனால் அவையும் பழுதாகலாம். ஆகவே கதவைத் திறந்தவர் முதலில் கையில் எடுப்பது திருகாணிக்கருவியை அன்று. காவற் பிடியுடைய புவித்தொடுப்புக் கோலையே. அதனால் ஒவ்வொரு முனையையும் தொட்டு, வேலை முடியும்வரை அங்கேயே மாட்டிவைப்பர். தனியே ஒருவர் இவ்வேலையிற் புகுதல் ஆகாது. சில குழாய்களிலும் சுமைத் தடைகளிலும் பெரிலியம் ஒட்சைட்டு என்னும் பீங்கான் உண்டு. உடைந்தால் அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சாகும். கோபுரத்தில் ஏறுபவர் இருக்கையில் விரியலாக்கியை இயக்காதிருக்க, அதன் திறப்பை ஏறுபவரே தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது நாட்குறிப்பு. அழுத்தம், மின்னோட்டம், செல்லும் வலு, மீளும் வலு, வெப்பநிலை என்பவற்றை வேளை தவறாது குறித்து வருபவர், பொறியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப் போன்றவர். நேற்று 40 உவாற்றாக மீண்ட வலு இன்று 90 ஆயிற்றென்றால், கோபுரத்தின் மேல் எங்கோ நீர் புகுந்துள்ளது என்பதைப் பழுது நேருமுன்னரே அவர் அறிவார். பொறிகள் திடீரெனச் சாவதில்லை, முன்னரே நோயுறுகின்றன. நாட்குறிப்பு இல்லாத இடத்தில் அந்நோயைக் காண்பார் இல்லை.

1978ஆம் ஆண்டு நவம்பரில் கீழைக்கரையைச் சூறாவளி தாக்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை எழுந்தது. இத்தகைய நாட்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, வீதிகள் அடைபட்ட கிராமத்துக்கு, மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியே உலகத்தின் வாசல். மலையுச்சியில் ஒருவர் காற்றூதியின் திசையைக் கண்டு உறுதிசெய்தாரா, மின்பிறப்பாக்கிக்கு எரிபொருளை நிரப்பினாரா, தளர்ந்த மூட்டை மாரிக்கு முன்னரே இறுக்கினாரா என்பதையெல்லாம் அக்கிராமத்தவர் அறியார். அவர்கள் பெட்டியைத் திறக்கும்போது குரல் கேட்கவேண்டும், அவ்வளவே. அந்தக் குரல் தவறாது கேட்பதற்காகவே, பெயர் அறியப்படாத ஒருவர் தம் நாட்குறிப்பில் இன்னுமொரு வரியை எழுதிக்கொண்டிருக்கிறார்.