விழுந்தா யார் செலவு? சொந்தக் காசில் ராலி ஓட்டுபவர்களின் கணக்கு

"நல்ல வேகம்... ஆனா அடிக்கடி விழுறாரே?" ராலி ரசிகர்களிடையே ஓயாத சண்டை இது. கம்பெனி டீம் இல்லாமல் சொந்தச் செலவில் ஓட்டும் 'பிரைவேட்டியர்' என்றால் விவாதம் இன்னும் சூடாகும்.

கம்பெனி ரைடர் விழுந்தால், ராத்திரி மெக்கானிக்குகள் பைக்கைச் சரிசெய்வார்கள். அவர் தூங்கலாம். டக்கார் ராலியின் 'மால் மோட்டோ' பிரிவில் உதவியாளரே கிடையாது. ஸ்பானர் பிடிப்பதும் ரைடர்தான். ஒருமுறை சறுக்கினால் காசும் போச்சு, தூக்கமும் போச்சு. மறுநாள் வேகம் எங்கிருந்து வரும்?

தூரமும் சும்மா இல்லை. 2015 டக்காரில் 13 ஸ்டேஜ், 9,000 கி.மீ.க்கு மேல். சராசரியாக ஒரு ஸ்டேஜே ராமேஸ்வரம் - சென்னை தூரத்தைத் தாண்டும். அதில் 36-வது இடம் பிடித்த பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ்தான், டக்காரை முடித்த முதல் இந்தியர்.

காசு இருந்தா விழ மாட்டாங்களா? அதே சந்தோஷ் 2021-ல் ஹீரோ டீமுக்காக ஓட்டியபோது சவுதியில் விழுந்தார். தலையில் அடிபட்டு, டாக்டர்கள் அவரைச் செயற்கைக் கோமாவில் வைத்தனர்.

பணம் விபத்தைத் தடுக்காது. சின்ன விபத்துக்குப் பிறகு மறுநாள் கிளம்பத்தான் உதவும். அந்த வசதி இல்லாதவர் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால், அது பயமில்லை, கணக்கு.