புது காருக்கு முதல் கீறல்

எலுமிச்சம்பழம் நசுக்கி, பூஜை போட்டுக் கொண்டுவந்த காருக்கு முதல் கீறல் வீட்டு வாசலிலேயே விழுவதுண்டு. குழந்தையின் சைக்கிள் ஹேண்டில்பார், பானெட் மேல் வைத்த சாவிக்கொத்து, உலர்ந்த துணியால் தூசி துடைக்கும் தாத்தா... அன்புதான், ஆனால் மணல்துகள் பெயின்ட்டை உரசிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவட்டும்.

சாலையில் எதிரி, ஜல்லி லாரி. அதை ஒட்டிப் போகாதீர்கள். கல் பட்டு முன்கண்ணாடியில் சிறு புள்ளி விழுந்தால், தூசியும் ஈரமும் புகாமல் உடனே டேப் ஒட்டி, ரெசின் நிரப்பும் கடைக்குப் போய்விடுங்கள். தள்ளிப்போட்டால், வெயிலில் காய்ந்த கண்ணாடியில் ஏசி காற்று பட்டதும் புள்ளி விரிசலாக ஓடும். பிறகு கண்ணாடியையே மாற்ற வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு அந்தச் செலவைத் தராது. முழுக் காப்பீட்டில் கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடக்கூடும்.