ஓடுபாதையை நோட்டமிடு

2024 செப்டம்பரில் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே சில நாள்கள் பெருவிரைவு ரயில் ஓடவில்லை. செய்தியைப் பார்க்காமல் வந்தவர்களுக்கும் இணைப்புப் பேருந்து இருந்தது. வானில் பறக்கும் விமானிக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே, சிலேத்தாரிலிருந்து சிறு விமானத்தில் புறப்படுபவர்கூட முதலில் வானிலையையும் ‘நோட்டம்’ எனப்படும் அறிவிப்புகளையும் படித்தாக வேண்டும். (ஆங்கிலச் சுருக்கப் பெயர்தான்; தமிழிலும் பொருந்திவிடுகிறது!) எந்த ஓடுபாதை எப்போது மூடப்படும், எந்த விளக்கு எரியாது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும்.

சில தடைகளை முன்கூட்டியே அறிவிக்க முடியாது. 2019 ஜூனில் சாங்கி அருகே ஆளில்லா வானூர்திகள் தென்பட்டதால் ஓர் ஓடுபாதை அவ்வப்போது மூடப்பட்டது. இதை எண்ணியே விமானிகள் மாற்று நிலையம்வரை பறக்க எரிபொருள் வைத்திருக்கிறார்கள்.

படித்தால் மட்டும் போதுமா? 2000 அக்டோபர் 31 அன்று இரவு, சிங்கப்பூர் ஏர்லைன்சின் எஸ்கியூ 006 விமானம் தைப்பேயிலிருந்து புறப்பட்டது. அங்கு ஓர் ஓடுபாதையின் ஒரு பகுதி கட்டுமானப் பணிக்காக மூடப்பட்டிருந்தது விமானிகளுக்குத் தெரியும். ஆனால், சூறாவளி மழையில், பக்கத்து ஓடுபாதை என்று எண்ணி அதிலேயே திரும்பிவிட்டனர். வேகமெடுத்த விமானம் கட்டுமான இயந்திரங்கள்மீது மோதியது. 179 பேரில் 83 பேர் மாண்டனர்.

ஓடுபாதையின் எண் அதன் திசையைக் குறிக்கும். 05 என்றால் திசைகாட்டியில் ஏறக்குறைய 50 பாகை. தைப்பேயின் அந்த இரண்டு ஓடுபாதைகளுக்கும் எண் 05தான். திசைகாட்டி இரண்டிலும் ஒன்றையே காட்டும். இடதா, வலதா என்பதைப் பெயர்ப்பலகையிலும் கண்ணால் பார்க்க வேண்டும்.