பார்பரா ஹாரிஸ்: முதல் பெண் பேராயர்

'எபிஸ்கோபோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வையாளர் என்பது பொருள். பேராயர்களின் மேற்பார்வையில் இயங்கும் முறையைக் கொண்டமையால், அமெரிக்காவிலுள்ள ஆங்கிலிக்கன் மரபுத் திருச்சபை எபிஸ்கோபல் திருச்சபை எனப் பெயர் பெற்றது. அதில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஆண்களே பேராயர்களாக விளங்கினர். அந்நிலையை மாற்றியவர் பார்பரா ஹாரிஸ். உலகளாவிய ஆங்கிலிக்கன் திருச்சபைகள் அனைத்திலும் அவரே முதல் பெண் பேராயர்.

கறுப்பினத்தவரான ஹாரிஸ், 1930ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் பிறந்தார். மக்கள் தொடர்புத் துறையில் நெடுங்காலம் பணியாற்றினார். 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகச் செல்மா நகரிலிருந்து நடைபெற்ற பேரணியில் பங்கேற்றார். சிறைவாசிகளைச் சந்தித்து ஆறுதல் கூறுவதையும் தம் கடமையாகக் கொண்டார்.

பெண்கள் குருத்துவம் பெறுவதற்குத் திருச்சபைச் சட்டம் அப்போது இடமளிக்கவில்லை. எனினும், 1974இல் பிலடெல்பியாவில் பதினொரு பெண்கள் குருக்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டனர். அன்றைய பவனியில் சிலுவையை ஏந்தி முன்னே நடந்தவர் ஹாரிஸ். ஈராண்டுகளுக்குப் பின் சட்டம் திருத்தப்பட்டது. 1980இல் தமது ஐம்பதாம் வயதில் அவரும் குருவானார். சிறைச்சாலைகளில் ஆன்மிகப் பணியைத் தொடர்ந்தார்.

1988இல் மாசசூசெட்ஸ் மறைமாவட்டம் அவரைத் துணைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. தேர்தலில் வெல்வது மட்டும் போதாது. பிற மறைமாவட்டங்களில் பெரும்பான்மையானவை இசைவளிக்க வேண்டும் என்பது விதி. அவர் பெண் என்பதையும், மணமுறிவு பெற்றவர் என்பதையும், இறையியல் கல்லூரிப் பட்டம் இல்லாதவர் என்பதையும் காட்டிப் பலர் எதிர்த்தனர். கொலை மிரட்டல்களும் வந்தன. எனினும், தேவையான இசைவு கிடைத்தது.

1989 பிப்ரவரி 11 அன்று பாஸ்டன் நகரில் திருநிலைப்பாட்டு விழா நடைபெற்றது. அதில் எண்ணாயிரம் பேருக்கு மேல் திரண்டனர். விழாவின்போது குண்டு துளைக்காத உடையை அணிந்துகொள்ளுமாறு காவல்துறையினர் கூறினர், அவர் மறுத்துவிட்டார். அச்சத்தை உடுத்திக்கொண்டு அவர் அந்தப் பீடத்தை அணுக விரும்பவில்லை போலும்!

பதின்மூன்று ஆண்டுகள் பேராயராகப் பணியாற்றிய ஹாரிஸ் 2002இல் ஓய்வு பெற்றார், 2020இல் மறைந்தார். 2006இல் எபிஸ்கோபல் திருச்சபை முழுமைக்கும் தலைமைப் பேராயராகக் கேத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி என்னும் பெண்மணி தேர்ந்தெடுக்கப்பட்டார். முன்னர்ச் சிலுவையேந்தி ஒருவர் நடந்த வழி, பின்வந்தோர்க்குப் பாதையாயிற்று.